வட்டக்கோட்டைக்கு இப்பால்: நாஞ்சில் நாட்டில் மருமக்கள்வழி கரைந்த வரலாறு

கன்னியாகுமரியிலிருந்து அஞ்சுகிராமம் போகும் வழியில், கடலில் கால் நனைத்தபடி நிற்கிறது வட்டக்கோட்டை. பேரில்தான் வட்டம். சுமார் மூன்றரை ஏக்கர் நிலத்தை வளைத்து, 25 அடி உயரத்துக்குச் செவ்வகமாக எழும்பிய கருங்கல் சுவர் அது. உள்ளே ஒரு குளம். கடல் பக்கத்துச் சுவர்மேல் ஏறச் சாய்வான கல்தளம். கல்லில் ஓரிடத்தில் மீன் செதுக்கியிருக்கிறது. விரல் வைத்துத் தடவினால் துடுப்பும் வாலும் இன்னும் தட்டுப்படும். பாண்டியரின் சின்னம் அது. அதைத் தாங்கி நிற்பதோ திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில், டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து வந்த டிலனாயின் கைத்திறத்தில் வலுப்பெற்ற கோட்டை.

கோட்டைமேல் நின்று மேற்கே பார்த்தால் மலைத்தொடரும் காற்றாலைகளும் தெரியும். மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதி பாண்டி நாட்டுக்கும், பின்னாளில் திருவிதாங்கூரான வேணாட்டுக்கும் நெடுங்காலம் எல்லையாக இருந்தது. பீரங்கியையும் படையையும் பற்றி நிறைய எழுதியாயிற்று. எனக்கு இது ஒரு சட்டத்தின் எல்லையாகவும் தெரிகிறது. அப்பால் திருநெல்வேலிச் சீமையில் தகப்பன் வயல் மகனுக்குப் போனது. இப்பால் நாஞ்சில் நாட்டு வேளாளரில் பெரும் பகுதியினர் வீடுகளில், மாமன் வயல் மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்குப் போனது.

கோட்டையை வலுப்படுத்திய அரசரின் கதையே இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. 1729இல் வேணாட்டு அரசர் ராம வர்மா இறந்தபோது அரியணை ஏறியவர் அவருடைய மருமகன் மார்த்தாண்ட வர்மா. ராம வர்மாவின் மக்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் தகப்பனின் நாடு தங்களுக்கே என்று உரிமை கோரினார்கள். எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நிலப்பிரபுக்கள் தம்பிகள் பக்கம் நின்றார்கள். சொத்து மகனுக்கா மருமகனுக்கா என்ற வழக்கை அன்று வாள் தீர்த்தது. தம்பிகள் இருவரும் கொல்லப்பட்டார்கள். சி.வி.ராமன்பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மார்த்தாண்ட வர்மா’ நாவலுக்குக் கரு இந்தப் பூசல்தான். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டிலனாய் இந்த மருமகனிடம்தான் படைத்தலைவர் ஆனார்.

வேளாளருக்கு இந்த முறை எப்படி வந்தது? நாஞ்சில் நாட்டில் மக்கள்வழி வேளாளரும் உண்டு, மருமக்கள்வழி வேளாளரும் உண்டு. இருவருக்கும் பேச்சு தமிழ். கோயிலும் கொடையும் ஏறக்குறைய ஒன்றே. சொத்து இறங்கும் வழி மட்டும் வேறு. வேணாட்டு ஆட்சியின் கீழ், ஆள்பவர்களின் குடும்ப முறையை நிலக்கிழார்கள் தமதாக்கிக்கொண்டார்கள் என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அக்காலத்து நில வாழ்க்கையை அறிய நமக்குக் கிடைத்திருக்கும் பெரும் செல்வம், அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தின் ஓலைகள். அவற்றின் அருமையை முதலில் உணர்ந்து வெளிக்கொணர்ந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பிற்காலத்தில் பதிப்பித்து நம் கைக்குத் தந்தவர் அ.கா.பெருமாள். இந்தப் பகுதியின் ஆவணங்களைப் படிக்கிறவருக்கு ஒரு சின்னக் கணக்கு மனப்பாடமாக வேண்டும். கொல்லம் ஆண்டோடு 825ஐக் கூட்டவேண்டும், ஆண்டின் முதல் சில மாதங்களுக்கு மட்டும் 824. அந்தச் சில மாதங்களைக் கவனிக்காமல் ஓராண்டு பிசகிய கட்டுரைகள் உண்டு.

மருமக்கள்வழிக் குடும்பத்தின் பெயர் தரவாடு. அதன் ஆட்சி மூத்த ஆணான காரணவர் கையில். இளையவர்கள் அனந்தரவர்கள். காரணவரின் மனைவி அந்த வீட்டில் சமைத்தாள், விதைநெல் காத்தாள், பிள்ளை பெற்றாள். ஆனால் அவர் கண்மூடிய மறுநாள், அவளும் பிள்ளைகளும் அந்த வீட்டுக்கு அன்னியர். சாவி மருமகன் இடுப்புக்குப் போய்விடும்.

முற்றிலும் வெறுங்கையாக அனுப்பிவிடவும் இல்லை. நாஞ்சில் நாட்டு வழக்கில் இரண்டு சொற்கள் உண்டு: உகந்துடமை, நங்குடமை. உகந்துடமை, பிள்ளைகளுக்குத் தகப்பன் வழியில் கிடைக்கும் ஒரு பங்கு. நங்குடமை, கைம்பெண்ணுக்கோ விலக்கப்பட்ட மனைவிக்கோ பிழைப்புக்காகக் கொடுப்பது. இந்த ஆய்வில் நான் மிகுதியும் நின்று யோசித்தது இந்த இரு சொற்களின்மேல்தான். தகப்பன் என்ற உறவைச் சட்டம் ஏற்க மறுத்த இடத்தில், வழக்கம் ஒரு சன்னலைத் திறந்து வைத்திருந்தது என்பதற்கு இவை சாட்சி. கலப்பு முறை இது. தாய்வழிச் சுவருக்குள் தந்தைவழிக் கல் ஒன்று, வட்டக்கோட்டையின் மீனைப் போல.

அந்தக் கல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அசையத் தொடங்கியது. பள்ளி, கச்சேரி, சர்க்கார் உத்தியோகம் என்று ஆண்கள் கையில் மாதச் சம்பளம் வந்தது. தரவாட்டு வயல் யாருக்குப் போனால் என்ன, நான் சம்பாதித்தது என் பிள்ளைக்கு வேண்டாமா என்ற கேள்வி வந்தது. காரணவர்களின் முறைகேட்டை எதிர்த்து அனந்தரவர்கள் வழக்காடினார்கள். வழக்குச் செலவே சில வயல்களைத் தின்றது. 1908இல் திருவிதாங்கூர் அரசு மருமக்கத்தாயம், அதாவது மருமக்கள்வழி பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதே முறையைப் பின்பற்றிய நாயர்களுக்காக வந்த 1912இன் சட்டம், உயில் எழுதாமல் இறந்தவரின் தேட்டத்தில் பாதியை மனைவி மக்களுக்கும் பாதியைத் தரவாட்டுக்கும் கொடுத்தது. 1925இன் நாயர் சட்டம் தரவாட்டையே ஆளுக்கு ஆள் பிரிக்க வழி விட்டது. ஈழவருக்கும் அதே ஆண்டு சட்டம் வந்தது.

வேளாளருக்குச் சட்டம் வருவதற்கு முன் ஒரு கவிதை வந்தது. கவிமணியின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ 1917-18இல் ‘தமிழன்’ இதழில் தொடராக வெளிவந்தது, 1942இல் நூலாயிற்று. ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே சொல்கிறாள். மனுவும் மகஜரும் சொல்ல முடியாததை ஒரு பெண்ணின் வாய்மொழி சொல்லிவிட்டது. கொல்லம் 1101இல், அதாவது 1926இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறியது. மனைவி மக்களின் உரிமைக்கும் பாகப்பிரிவினைக்கும் அது வழி திறந்தது.

பிரிப்பது என்று வந்ததும் கணக்கு வந்துவிட்டது. ஒரு தரவாட்டைக் கற்பனை செய்துகொள்வோம். காரணவர் ஒருவர், தங்கைகள் இருவர். மூத்த தங்கைக்கு ஐந்து பிள்ளைகள், இளையவளுக்கு ஒன்று. வயல் 18 மரக்கால் விதைப்பாடு, அதாவது அவ்வளவு விதைநெல் விதைக்கும் பரப்பு. கிளைக்கு ஒரு பங்கு என்று பிரித்தால் காரணவருக்கு 6, மூத்தவள் கிளைக்கு 6, இளையவள் கிளைக்கு 6. தலைக்கு ஒரு பங்கு என்று பிரித்தால் தலைகள் ஒன்பது. காரணவருக்கு 2, மூத்தவள் கிளைக்கு 12, இளையவளுக்கும் பிள்ளைக்கும் சேர்த்து 4. வயல் அதே வயல், வகுக்கும் எண் மட்டும்தான் மாறியது. பிரிவினைக்குப் பின் சகோதரிகள் ஏன் முகம் பாராமல் போனார்கள் என்பதை இந்த எண்களில் பார்க்கலாம். ஏரும் மாடும் வைத்து ஒன்றாகப் பயிரிட்ட ஏலா என்னும் வயல்வெளி இரண்டு மரக்கால் துண்டுகளானால் உழவு கட்டாது. அடுத்து விற்பனைதான்.

இந்த வரலாற்றை மனைவியின் விடுதலைக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அது உண்மை, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதே வீட்டில் இன்னொரு பெண் இருந்தாள், காரணவரின் தங்கை. கணவன் கைவிட்டாலும் அவளுக்குத் தன் வீடு இருந்தது. சோற்றுக்கு யாரையும் கேட்கவேண்டாம். அவள் பிள்ளைகள்தான் வாரிசு. தரவாடு உடைந்தபோது அவள் கையில் வந்தது ஒரு துண்டு வயல், கையைவிட்டுப் போனது சாகும்வரை இருக்கத்தக்க ஒரு கூரை. மான்மியத்தில் பேசுபவள் ஐந்தாம் மனைவி. நாத்தனார் பேசும் ஒரு மான்மியம் நமக்கு இல்லை என்பதை இலக்கியக் குறையாக மட்டும் நான் கருதவில்லை, சமூக வரலாற்றிலேயே அது ஒரு பள்ளம்.

கோட்டைக்கு வெளியே, கடற்கரை ஊர்களின் கிறிஸ்தவ வீடுகளில் வேறொரு சட்டம் நடந்தது. 1916இன் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அதுவும் சீதனம் வாங்கியிருந்தால் இல்லை. கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்தச் சட்டம் உயிரோடு இருக்கிறதா என்ற வழக்கில், 1970களில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி இல்லை என்றார், இரு நீதிபதிகள் அமர்வு உண்டு என்றது. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், அச்சட்டம் 1951லேயே செத்துவிட்டது என்று தீர்த்தது. பழைய திருவிதாங்கூரின் இந்த மண்ணில் மகள்களுக்கும் அந்தத் தீர்ப்புதான் பங்கு தந்தது.

வேளாளர் கதையின் கடைசி ஏடு 1956. ஜூன் 17இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. நான்கரை மாதம் கழித்து, நவம்பர் 1இல், அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் கல்குளமும் விளவங்கோடும் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அதனால் 1975இல் கேரளம் கூட்டுக் குடும்ப முறையை ஒழித்துச் சட்டம் செய்தபோது அது இங்கே செல்லுபடியாகவில்லை. மத்திய அரசின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் விளக்கப் பிரிவிலோ மருமக்கத்தாயச் சட்டங்களின் பட்டியலில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தின் பெயர் அச்சேறியிருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு சொல்லும் வழி இது: பிரியாத தரவாட்டில் ஒருவர் இறந்தால், இறப்பதற்குச் சற்று முன் தலைக்கு ஒரு பங்காகப் பிரித்திருந்தால் அவருக்கு எவ்வளவு கிடைத்திருக்குமோ, அதை அவர் வாரிசுகளுக்குக் கொடுக்கவேண்டும். நம் கற்பனைக் காரணவர் 1957இல் இறந்திருந்தால் 18 மரக்காலில் 16 தங்கைகளின் தரவாட்டில் நின்றிருக்கும். மீதி 2 அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்.