நெல்லுக்கும் வருமா படைப்புழு? மரபணு சோதனை சொல்வது என்ன?

மக்காச்சோளக் குருத்தைக் குடைந்து தின்னும் படைப்புழுவில் 'நெல் வகை' என்று ஒன்று இருக்கிறது. அப்போ அடுத்து நம்ம நெல் வயல்தானா? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கிருந்து வந்தது?

இதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 2016-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகாவின் சிவமொக்காவில் தென்பட்டு, அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கும் பரவியது. 2019 தொடக்கத்தில் சீனா, 2020-ல் ஆஸ்திரேலியா. தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் சுமார் 100 கி.மீ. பறக்கும், வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் இடும்.

ஒரே வழியில் வந்ததா?

ஆப்பிரிக்காவிலிருந்து கிழக்கு நோக்கி வரிசையாகப் பரவியது என்றுதான் முதலில் நினைத்தார்கள். பல நாட்டுப் பூச்சிகளின் மரபணுவை ஒப்பிட்டபோது, அது தனித்தனியாகப் பலமுறை நுழைந்திருக்கலாம் எனத் தெரிந்தது. சரக்குகளோடு வந்திருக்க வாய்ப்பு உண்டு. துறைமுகம், விமான நிலையங்களில் தாவரப் பரிசோதனை முக்கியம் என்பது இதனால்தான்.

நெல்லுக்கு ஆபத்தா?

படைப்புழுவில் மக்காச்சோள வகை, நெல் வகை என இரண்டு உண்டு. பார்த்தால் வித்தியாசம் தெரியாது, மரபணுவில்தான் தெரியும்.

இந்தியாவில் பிடிபட்ட பல பூச்சிகளில், தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணு 'நெல் வகை' என்கிறது. ஆனால் பாலினக் குரோமோசோமில் உள்ள இன்னொரு மரபணு பெரும்பாலும் 'மக்காச்சோள வகை' என்கிறது. அதாவது, இரண்டும் கலந்த வம்சம். ஒரு மரபணுவை மட்டும் பார்த்து 'நெல்லைத் தாக்கும்' என்று சொல்லிவிட முடியாது. இங்கே அதற்கு முதல் தீனி மக்காச்சோளம்தான். சோளம், கரும்பிலும் காணப்படுகிறது.

மருந்து அடித்தும் ஏன் சாகவில்லை?

உண்மையான சிக்கல் இதுதான். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளைத் தாங்க உதவும் மரபணு மாற்றம், புதிதாகப் பரவிய நாடுகளின் பூச்சிகளிலும் இருக்கிறது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பலவீனமான புழு சாகும், தாங்கும் புழு பிழைத்துப் பெருகும். மருந்தை விரட்டிப் பழகிய வம்சமும் உண்டு: போர்ட்டோ ரிக்கோவில் பி.டி. மக்காச்சோளத்தையே இந்தப் புழு சமாளித்துவிட்டது.

என்ன செய்யலாம்?

* கோடை உழவு செய்யுங்கள். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும்.
* கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள்.
* இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்துப்பூச்சி வரத்தைக் கவனியுங்கள்.
* தலையில் தலைகீழ் 'ஒய்' குறி, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் இருந்தால் அது படைப்புழு.
* புழு சின்னதாக இருக்கும்போதே மருந்து அடியுங்கள். பெரிதாகி குருத்துக்குள் போய்விட்டால் மருந்து எட்டாது.
* அடுத்த முறை வேறு வகை மருந்தைப் பயன்படுத்துங்கள். எது, எவ்வளவு என்பதை வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.