விளிம்பில் ஒரு பெயர்

போரில் தீரம் காட்டியவர்களின் கையில் பொன் அணிவித்து கௌரவிப்பது திருவிதாங்கூர் மஹாராஜாக்களின் வழக்கம். அதற்கு வீரசிருங்கலா, அதாவது வீரனின் சங்கிலி என்று பெயர். கவிகளும் வித்வான்களும் கூடப் பெற்றிருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலை அக்ரஹாரங்களில் வளர்ந்த நம்மவர்களுக்கு இச்சொல் புதிதல்ல.

அது அரசன் தந்தது. சிப்பாய் தன் வீட்டாருக்குத் தந்த நகை வேறு. முதல் உலகப் போரில் (1914–18) பிரிட்டிஷ் சிப்பாய்கள் தங்கள் ரெஜிமெண்டின் சின்னம் பொறித்த சிறு புரூச்சைத் தாய்க்கும் மனைவிக்கும் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்கள். பர்மிங்ஹாம் நகைப் பட்டறைகளில் பொன்னிலும் வெள்ளியிலும் சிப்பி ஓட்டிலும் இவை தயாராயின. வசதியில்லாதவன் சட்டைப் பொத்தானிலேயே ஊசி வைத்துக் கொடுத்தான். இரண்டாம் போரில் விமான ஜன்னலின் பெர்ஸ்பெக்ஸ் துண்டை இதய வடிவில் அறுத்து, தேய்த்து, பளபளப்பாக்கினார்கள். ஊரில் இருப்பவள் அதை அணிந்தால், தன்னவர் எந்தப் படையில் இருக்கிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரியும்.

நம் வீடுகளில் புரூச் அபூர்வம். மெடல் உண்டு. 1939ல் சுமார் 2 லட்சம் பேராக இருந்த இந்திய ராணுவம் 1945க்குள் 25 லட்சமாகப் பெருகியது. துப்பாக்கி பிடிப்பவர் மட்டும் போதுமா? குமாஸ்தா, டாக்டர், வயர்லெஸ் ஆபரேட்டர் எல்லோரும் தேவைப்பட்டார்கள். ஆங்கிலம் படித்த நம் குடும்பத்து இளைஞர்களும் சேர்ந்தார்கள். திரும்பி வந்து வேறு உத்தியோகம் பார்த்தவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. மெடல் டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

முதல் போருக்காகத் தரப்பட்ட பிரிட்டிஷ் வார் மெடல் அசல் வெள்ளி. எத்தனை மெடல்கள் தட்டானிடம் போய்க் கொலுசாகவும் குங்குமச் சிமிழாகவும் மாறினவோ! வெள்ளி விலை வானளாவிய 1979–80ல் பிரிட்டனிலேயே ஏராளமாக உருக்கினார்கள். போனது வெள்ளி மட்டுமல்ல. அந்த மெடலின் விளிம்பில் பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். இரண்டாம் போரின் மெடல்கள் பிரிட்டிஷ் ராணுவத்தாருக்குப் பெயர் இல்லாமலே வழங்கப்பட்டன. இந்தியப் படையினருக்கோ பெயர் பொறித்தே வந்தன. வேறு காகிதம் ஒன்றும் மிஞ்சாத குடும்பத்தில் அந்த ஒரு வரிதான் தாத்தாவின் சர்வீஸ் ரெக்கார்டு.

படைப்பிரிவின் பெயர் கிடைத்தால் மற்றதைத் தேடலாம். மதராஸ் ரெஜிமெண்டின் தலைமையகம் நீலகிரி வெல்லிங்டனில். மதராஸ் ஸாப்பர்ஸ் பெங்களூரில். போரில் இறந்தவராயின் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம். தொப்பிச் சின்னத்திலோ பொத்தானிலோ வலம்புரிச் சங்கு தெரிந்தால் அது திருவிதாங்கூர் சமஸ்தானப் படையாக இருக்கலாம். 1741ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த படையின் வழி வந்தது அது. சுதந்திரத்துக்குப் பின் மதராஸ் ரெஜிமெண்டின் 9, 16ஆம் பட்டாலியன்களாயிற்று. 1971ல் பஸந்தர் நதிக்கரையில் போரிட்டது இந்த 16ஆம் பட்டாலியன்தான்.

மெடல் கறுத்திருந்தால் பாலிஷ் போட வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும். ஒரு பூதக்கண்ணாடியும் பக்கவாட்டில் விழும் வெளிச்சமும் போதும்.