ஆழிப்பேரலையும் அமைதி ஒப்பந்தமும்: இந்தோனேசியாவின் ஆச்சே கடந்து வந்த பாதை

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு மேற்கே, கடலுக்குள் சுமார் 150 கி.மீ. தொலைவில் சிமியூலு என்ற சிறு தீவு உள்ளது. 2004 டிசம்பர் 26 அன்று, உள்ளூர் நேரப்படி காலை 8 மணிக்குச் சற்று முன்பாக, 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது அதன் மையத்துக்கு மிக அருகில் இருந்த ஊர்கள் இத்தீவின் ஊர்களே. சுமார் 10 நிமிடங்களில் பேரலை வடகரையை எட்டியது. கடலோர வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆனால், ஏறத்தாழ 78,000 பேர் வசித்த அந்தத் தீவில் உயிரிழந்தவர்கள் 7 பேர் மட்டுமே.

எந்தக் கருவியும் அவர்களை எச்சரிக்கவில்லை. அவர்களைக் காத்தது ‘ஸ்மோங்’ என்ற உள்ளூர்ச் சொல். 1907-ஆம் ஆண்டு ஜனவரியில் இதே தீவை ஆழிப்பேரலை தாக்கி, பெரும் எண்ணிக்கையில் உயிர்களைப் பறித்தது. தப்பியவர்கள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிவைத்தனர். நிலம் பலமாக அதிர்ந்து, அதன்பின் கடல் உள்வாங்கினால், பொருள்களைத் தேடாமல் குன்றை நோக்கி ஓட வேண்டும் என்பதே அக்கதையின் சாரம். ஏறத்தாழ 98 ஆண்டுகள் கழித்து, வீதிகளில் அந்த ஒற்றைச் சொல்லைக் கூவியபடியே மக்கள் மேட்டுக்கு ஏறினர்.

சுமத்ராவின் வடமுனையில் உள்ள ஆச்சே பெருநிலப் பகுதியில் அத்தகைய நினைவு இல்லை. மாகாணத் தலைநகரான பண்டா ஆச்சேயில் கடல் உள்வாங்கியதைக் கண்ட பலர், கரையில் துள்ளிய மீன்களைப் பொறுக்கச் சென்றதாக உயிர்தப்பியவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். மேற்குக் கரையில் சில இடங்களில் நீர் 30 மீட்டருக்கும் அதிகமான உயரத்துக்கு எழும்பியது. இந்தோனேசியாவில் மட்டும் இறந்தோர், காணாமற்போனோர் எண்ணிக்கை சுமார் 1,67,000. அவர்களில் பெரும்பாலோர் ஆச்சேயைச் சேர்ந்தவர்கள். நாகப்பட்டினம் உள்ளிட்ட தமிழகக் கரையைச் சுமார் 2 மணி நேரத்துக்குப் பின் தாக்கியதும் இதே அலைதான்.

பேரலை வருவதற்கு முன்பே ஆச்சே போர்க்களமாக இருந்தது என்பது அந்நாள்களில் வெளியுலகில் அதிகம் பேசப்படவில்லை.

பழைய அரசு, பழைய பகை

முதலாம் இராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் ‘இலாமுரிதேசம்’ இப்பகுதியே என்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கருதுகின்றனர். பிற்காலத்தில் மிளகு வணிகத்தால் செழித்த இஸ்லாமிய சுல்தானகம் இங்கு உருவானது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்கந்தர் மூடாவின் ஆட்சியில் அது உச்சத்தைத் தொட்டது. அவருக்குப் பின், 1641 முதல் 1699 வரை தொடர்ந்து நான்கு பெண்கள் அரியணையில் அமர்ந்தனர். மகளிரின் உடைக்கும் நடத்தைக்கும் கட்டுப்பாடு விதிக்கும் இன்றைய ஆச்சேயை நினைக்கும்போது, இது பலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

1873-இல் டச்சுப் படைகள் ஆச்சே மீது போர் தொடுத்தன. அச்சண்டையில் தலைநகரின் பைத்துர்ரஹ்மான் பெரிய பள்ளிவாசல் எரிந்தது. அதன் அருகிலேயே டச்சுத் தளபதி கோலர் சுட்டுக்கொல்லப்பட்டார். மக்களின் சினத்தைத் தணிக்க, டச்சுக்காரர்களே 1879-இல் தொடங்கிப் புதிய பள்ளிவாசலைக் கட்டிக்கொடுத்தனர். ஆனால் எதிர்ப்பு ஓயவில்லை. கணவர் கொல்லப்பட்ட பின்னும் கொரில்லாப் படையை நடத்திய சுட் ஞாக் தியென் என்ற பெண் தலைவர், பிடிபட்டு ஜாவாவுக்கு நாடுகடத்தப்பட்டு, 1908-இல் அங்கேயே மரணமடைந்தார்.

இந்தோனேசிய விடுதலையை ஆச்சே மக்கள் ஆர்வத்துடன் ஆதரித்தனர். 1948-இல் இளம் குடியரசு விமானம் வாங்குவதற்கு நிதி திரட்டித் தந்தவர்களும் அவர்களே. எனினும், தனி மாகாணத் தகுதி பறிக்கப்பட்டதும் மதத் தலைவர் தாவூத் புரே தலைமையில் 1953-இல் கிளர்ச்சி வெடித்தது. 1970-களில் அருன் பகுதியில் கண்டறியப்பட்ட இயற்கை எரிவாயு நாட்டுக்குப் பெரும் வருவாய் ஈட்டியது; அதில் சொந்த மண்ணுக்குக் கிடைத்தது சொற்பம் என்ற மனக்குறை வளர்ந்தது. 1976 டிசம்பர் 4 அன்று ஹசன் டி டீரோ தனிநாட்டுப் பிரகடனம் வெளியிட்டார். ‘காம்’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட சுதந்திர ஆச்சே இயக்கத்துக்கும் இராணுவத்துக்கும் இடையே சுமார் 30 ஆண்டுகள் நீடித்த மோதலில் ஏறத்தாழ 15,000 பேர் உயிரிழந்ததாக மதிப்பிடப்படுகிறது. 2003 மே மாதத்தில் அங்கு இராணுவச் சட்டம் அமலுக்கு வந்தது.

ஹெல்சிங்கி

பேரலைக்கு ஒரு மாதத்துக்குப் பின், 2005 ஜனவரி இறுதியில், பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரியின் நடுவத்தில் இரு தரப்பும் ஹெல்சிங்கியில் சந்தித்தன. அலைதான் போரை நிறுத்தியது என்று பொதுவாகச் சொல்லப்படுவது முழு உண்மையன்று. துணை அதிபர் யூசுஃப் கல்லாவின் தூதர்கள் மூலமாக மறைமுகத் தொடர்புகள் அதற்கு முன்பே தொடங்கியிருந்தன. இயக்கமும் களத்தில் பலவீனமடைந்திருந்தது. பேரழிவு, விட்டுக்கொடுப்பதற்கு இரு தரப்புக்கும் மதிப்பான ஒரு காரணத்தைத் தந்தது எனலாம்.

ஐந்து சுற்றுப் பேச்சுக்குப் பின், 2005 ஆகஸ்ட் 15 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. தனிநாட்டுக் கோரிக்கையை இயக்கம் கைவிட்டது. எண்ணெய், எரிவாயு வருவாயில் 70 சதவீதமும், தேர்தலில் போட்டியிட உள்ளூர்க் கட்சிகளுக்கு அனுமதியும் மாகாணத்துக்குக் கிடைத்தன. ஆண்டு இறுதிக்குள் ஐரோப்பிய ஒன்றியம், ஆசியான் நாடுகளின் கண்காணிப்பில் 840 ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டன. இயக்கத்தைச் சேர்ந்த இர்வாண்டி யூசுஃப், பேரலை தாக்கியபோது பண்டா ஆச்சே சிறையில் இருந்தவர். இடிந்த சிறையிலிருந்து தப்பிய அவர், 2006 டிசம்பரில் மாகாண ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே இர்வாண்டி பின்னாளில் ஊழல் வழக்கில் தண்டனை பெற்றார்.

அதே அலை தாக்கிய இலங்கையில் நிகழ்ந்தது வேறு. நிவாரணப் பணிகளைக் கூட்டாக நிர்வகிக்க அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூனில் கையெழுத்திட்ட உடன்பாட்டின் முக்கியப் பிரிவுகளை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே நிறுத்திவைத்தது. 2006-இல் மீண்டும் மூண்ட போர் 2009 மே மாதத்தில்தான் முடிந்தது.

மதம்: ஆறுதலும் சட்டமும்

இடிபாடுகளுக்கு நடுவே பைத்துர்ரஹ்மான் பள்ளிவாசல் நின்றது. லம்புக் என்ற கடலோரக் கிராமத்தில் ஏறக்குறைய எல்லாமே அழிந்தும் பள்ளிவாசல் மட்டும் எஞ்சியது. தடித்த தூண்களும், நீர் ஊடுருவிச் செல்லத்தக்க திறந்த அமைப்புமே காரணம் என்று பொறியாளர்கள் விளக்கினர். இறைவனின் அடையாளமாக மக்கள் அதைக் கண்டனர். பேரலையை ஒரு தண்டனை என்றும் சோதனை என்றும் போதகர்கள் பேசினர்.

ஆச்சேயில் ஷரியா சட்டம் பேரலைக்குப் பின் வந்ததன்று. கிளர்ச்சியைத் தணிக்கும் முயற்சியாக ஜகார்த்தா 1999-லும் 2001-லும் இயற்றிய சட்டங்களே அதற்கு வழிவகுத்தன. ‘காம்’ இயக்கத்தின் முதன்மைக் கோரிக்கை அதுவன்று. ஆயினும் முதல் பொதுவெளிப் பிரம்படி, சூதாட்டக் குற்றத்துக்காக, 2005 ஜூனில் நிறைவேற்றப்பட்டது. 2014-இல் இயற்றப்பட்ட விரிவான குற்றவியல் விதிகள் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தன. மனித உரிமை அமைப்புகள் இதைக் கண்டித்து வருகின்றன.

போர்க்காலக் கொடுமைகள் குறித்த கணக்கு இன்னும் தீரவில்லை. உண்மை, நல்லிணக்க ஆணையத்துக்கு ஒப்பந்தத்திலேயே இடமிருந்தும், அதன் ஆணையர்கள் 2016-இல்தான் பொறுப்பேற்றனர். பிடி மாவட்டத்தில் சித்திரவதைக் கூடமாகப் பயன்பட்ட ருமோ குடோங் என்ற இடத்துக்கு 2023 ஜூனில் அதிபர் ஜோகோ விடோடோ சென்று, பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அங்கு எஞ்சியிருந்த கட்டடப் பகுதிகள் அந்நிகழ்ச்சிக்கு முன் இடிக்கப்பட்டதற்குக் கண்டனம் எழுந்தது.

2012 ஏப்ரலில் 8.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது, பண்டா ஆச்சே மக்கள் வாகனங்களில் ஒரே நேரத்தில் வெளியேறிச் சாலைகளில் சிக்கிக்கொண்டனர். அன்று பெரிய அலை வரவில்லை. சிமியூலுவின் ‘ஸ்மோங்’ கதையைப் பெருநிலப் பகுதிப் பள்ளிகளிலும் கற்பிக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் வலியுறுத்தி வருகின்றனர்.

தலைநகரை அடுத்த சிரோன் என்ற இடத்தில் 40,000-க்கும் மேற்பட்டோர் பெயர்ப் பலகையின்றி ஒரே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று அங்கு குடும்பங்கள் கூடி ஓதுகின்றன. அன்று எந்தப் படகும் மீன்பிடிக்கச் செல்லக் கூடாது என்பது, ‘பங்லிமா லாவுட்’ எனப்படும் மீனவர் மரபு மன்றத்தின் விதி.