பதிவேட்டில் அடங்காத சமாதானம்

மும்பைத் தாராவியில் வாழும் தமிழ்க் கிறித்தவர் பலருடைய பூர்விகம் திருநெல்வேலிச் சீமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலையும் பஞ்சாலை வேலையையும் நாடி அச்சீமையார் பம்பாய் வந்து சேர்ந்தனர். அவர்களுள் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தோரின் தாய்ச்சபை, அதற்கு நூறாண்டுகளுக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு மராத்தியப் பெண்ணை மையமாகக் கொண்டு உருவானது. மராத்தியப் பெண் தமிழ் மண்ணில் ஊன்றிய நம்பிக்கை, தமிழரோடு மராத்திய மண்ணுக்குத் திரும்பியது வரலாற்றின் விந்தை. அதனினும் முக்கியமானது, அப்பெண்ணின் வாழ்க்கை எழுப்பும் வினா: கடவுளோடு ஒருவர் சமாதானம் அடைந்தார் என்பதை எந்த ஆவணத்தைக் கொண்டு அறிவது?

கிளாரிந்தா என அறியப்படும் அவர், தஞ்சை அரசின் பணியிலிருந்த ஒருவரின் கைம்பெண், பிராமண குலத்தவர். கணவரின் மறைவுக்குப்பின் லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியின் பாதுகாப்பில் வாழ்ந்தார். கிறித்தவத்தின் அடிப்படைகளை அவரிடமே கற்றார். பின்னர் செருமானிய மிஷனரி சுவார்ட்ஸை அணுகி ஞானஸ்நானம் கேட்டார். சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். இருவரும் திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்ததே தடையாயிற்று. லிட்டில்டன் இறந்தபின், 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் வழங்கினார்.

இம்மறுப்பில் ஓர் இறையியல் முரண் உண்டு. மனிதர் தம் செயல்களால் அன்றி விசுவாசத்தாலேயே நீதிமானாக்கப்பட்டுக் கடவுளோடு சமாதானம் பெறுகின்றனர் என்பது ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் கூறும் செய்தி. லூத்தரின் சீர்திருத்தம் நின்ற அடித்தளமும் அதுவே. தமிழில் 'சமாதானம்' என்பது மன அமைதியை மட்டும் குறிப்பதன்று. ஊர்ப்பகையைத் தீர்த்து இரு தரப்பாரையும் உடன்படச் செய்வதும் சமாதானமே. ஆகவே, கடவுளோடு சமாதானம் என்பது உறவு மீளப்பெறுதல். விசுவாசம் ஒன்றே அதற்குப் போதுமெனில், விசுவசித்துக் கேட்டவர் ஏன் வாசலில் நிறுத்தப்பட்டார்? சுவார்ட்ஸின் தரப்பிலும் நியாயம் இருந்தது. விசுவாசம் ஒழுக்கத்தில் வெளிப்பட வேண்டும் என்பது ஹாலே நகரப் பக்தியியக்கம் அவருக்கு ஊட்டிய உறுதி. புதிதாக எழும் சபையின் நற்பெயரும் அவர் கருத்தில் இருந்திருக்கலாம். ஆயினும், அருளால் கிடைப்பதாகப் போதிக்கப்பட்ட ஒன்றின் அடையாளம், நடைமுறையில் நிபந்தனைக்கு உட்பட்டே கிடைத்தது.

1780ஆம் ஆண்டின் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் உள்ளன. முதற்பெயர் கிளாரிந்தாவினுடையது. பல சாதியினரும் அதில் இடம்பெற்றனர். அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785இல் அர்ப்பணிக்கப்பட்டது. 'பாப்பாத்தி அம்மாள் கோவில்' என்று மக்கள் அதை வழங்கினர். 1799இல் முதலூர் கிறித்தவக் குடியிருப்பாக உருவானது. இவையனைத்தும் ஆவணங்களில் உள்ளன. மறுக்கப்பட்ட நாளுக்கும் ஏற்கப்பட்ட நாளுக்கும் இடையில் அவர் உள்ளத்தில் நிகழ்ந்ததற்கு மட்டும் ஆவணம் இல்லை. அ. மாதவையா 1915இல் அவர் பெயரிலேயே ஆங்கில நாவல் எழுதியபோது, ஆவணம் விட்ட இடைவெளியைப் புனைவே நிரப்ப வேண்டியதாயிற்று.

அந்த இடைவெளி இன்றும் மூடப்படவில்லை. தாராவி போன்ற இடங்களில் அது வேறு வடிவம் கொள்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. இதனால் ஒரே தொழில் செய்து, ஒரே தீண்டாமையை அனுபவித்த இரு குடும்பங்களுள் ஒன்று பௌத்தம் தழுவினால் தகுதி நிலைக்கிறது. மற்றொன்று ஞானஸ்நானம் பெற்றால் அகன்றுவிடுகிறது. சபைப் பதிவேட்டில் பெயர் ஏறுவது, அரசுப் பட்டியலிலிருந்து பெயர் இறங்குவதாக ஆகிறது. விசுவாசத்தின் விலையைச் செலுத்தும் இடம் மாறியிருக்கிறதே அன்றி, விலை இல்லாமற் போகவில்லை.

ஹெர்பர்ட் ஹோஃபர் சென்னை நகரில் நடத்திய கள ஆய்வு 1991இல் நூலாக வெளிவந்தது. கிறிஸ்துவை விசுவசித்தும் ஞானஸ்நானம் பெறாமல் வாழ்வோரை அவர் ஆராய்ந்தார். குடும்பமும் திருமணமும் சாதியும் சமூக உறவுகளும் அவர்களைப் பதிவேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தன. கிளாரிந்தா சில ஆண்டுகள் நின்ற அதே வாசலில் அவர்களுள் பலர் வாழ்நாள் முழுதும் நிற்கின்றனர்.

மதமாற்ற ஆய்வுகள் பெரும்பாலும் இரு விளக்கங்களுக்கிடையே ஊசலாடுகின்றன: ஒன்று, சமூக உயர்வுக்கான உத்தி, மற்றொன்று, தூய ஆன்மிக அனுபவம். உத்தி மட்டுமே எனில், மறுக்கப்பட்ட பின்னும் கிளாரிந்தா ஏன் விசுவாசத்தைக் கைவிடவில்லை என்பது விளங்காது. அகவனுபவம் மட்டுமே எனில், ஞானஸ்நானத்தையும் சபையையும் ஆலயத்தையும் அவர் ஏன் அவ்வளவு வேண்டினார் என்பது விளங்காது. கடவுளோடு பெற்ற சமாதானம் மனிதரிடையேயும் ஓர் இடத்தைத் தேடுகிறது. பதிவேடு அந்த இடம் கிடைத்த நாளை மட்டுமே குறிக்கும். தாராவியின் கிறித்தவ வரலாற்றை எழுத முனையும் ஆய்வாளர், பதிவான நாளோடு காத்திருந்த காலத்தையும் கேட்டறிய வேண்டும். அதனை வாய்மொழி நினைவுகளில்தான் தேட முடியும்.