நெரிசலில் திணறிய கணிப்பொறி வலை

1986ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வுக்கூடத்திற்கும் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்திற்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 400 கெஜம்தான். இவ்விரண்டுக்கும் இடையே வினாடிக்கு 32,000 பிட் வீதம் சென்றுகொண்டிருந்த செய்தி, திடீரென்று வினாடிக்கு 40 பிட்டாகக் குறைந்துவிட்டது. எட்டு பிட் சேர்ந்தால் ஓர் ஆங்கில எழுத்து. ஆக, வினாடிக்கு ஐந்தே எழுத்துகள்! தாளில் எழுதி ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தால் கடிதம் முந்திக்கொண்டிருக்கும்.

கம்பி அறுந்துவிடவில்லை. கம்பியில் மின்குறிகை இத்தொலைவைக் கடக்க இரண்டு மைக்ரோ வினாடி போதும். அப்படியானால் தாமதம் எங்கே ஏற்பட்டது?

இணையத்தில் செய்திகள் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பப்படுகின்றன என்பதை நாம் அறிவோம். வழியிலுள்ள சந்திப்புக் கணிப்பொறிகள் அவற்றை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்பும். வரிசையில் இடமில்லையேல் வரும் பொட்டலம் கைவிடப்படும். பெறும் கணிப்பொறி, 'வந்து சேர்ந்தது' என்று பதில் அனுப்ப வேண்டும். குறித்த நேரத்தில் பதில் வராவிட்டால் அதே பொட்டலம் மறுபடியும் அனுப்பப்படும். இழப்பை ஈடுசெய்ய வந்த இந்த ஏற்பாடே வினையாயிற்று. வரிசை நீண்டதும் பதில் தாமதித்தது. தாமதத்தை இழப்பென்று கொண்டு கணிப்பொறிகள் நகல்களை அனுப்பின. நகல்களால் வரிசை இன்னும் நீண்டது. இத்தகைய நெரிசல் நேரக்கூடும் என்று ஜான் நேகிள் என்பவர் 1984லேயே எழுதியிருந்தார்.

அவ்வாய்வுக்கூடத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சனும் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கேரல்சும் இதை ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட விடையில் இயற்பியல் மாணவர்களுக்குப் பழக்கமான ஒன்று உண்டு: அழியாமை விதி. நிறைந்த குழாயில் ஒரு துளி வெளியேறினால்தான் ஒரு துளி உள்ளே செல்லலாம். அதுபோல, ஒரு பொட்டலம் வலையைவிட்டு வெளியேறிய பின்னரே புதியது நுழைய வேண்டும் என்றனர்.

தொடக்கத்தில் ஒரே பொட்டலம். பதில் வந்தால் இரண்டு, பிறகு நான்கு. ஒன்று தொலைந்தால், நெரிசல் என்று உணர்ந்து மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். முந்தைய அளவில் பாதியைத் தொட்டபின் சுற்றுக்கு ஒன்றாக மெல்ல ஏற வேண்டும். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைச் சராசரியை மட்டுமன்றி அதன் ஏற்ற இறக்கத்தையும் அளந்தே முடிவு செய்ய வேண்டும். 1988இல் இம்முறை வெளியிடப்பட்டது. சந்திப்புக் கணிப்பொறிகள் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. முனைகளிலுள்ள மென்பொருளைத் திருத்தியதே போதுமானதாயிற்று. இதன் அருமை இங்குதான் இருக்கிறது என்பேன்.

வலைப் பொறியாளர் வேலை என்றால் கம்பி இணைப்பது என்றே மாணவர் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதில் பெரும்பகுதி அளவீடு. அவர்கள் முதலில் எடுக்கும் கருவி 'பிங்'. 1983 டிசம்பரில் மைக் மஸ் எழுதிய இச்சிறு நிரல், ஒரு பொட்டலம் போய்த் திரும்பும் நேரத்தைச் சொல்லும். நீர்மூழ்கியைத் தேடும் சோனாரின் ஒலியே அதன் பெயர். வழியிலுள்ள சந்திப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டும் 'டிரேஸ்ரூட்' நிரலை எழுதியவரும் ஜேக்கப்சன்தான்.

தொலைந்த பொட்டலத்தை மட்டும் நம்பாமல், செல்லும் வீதத்தையும் மிகக்குறைந்த பயண நேரத்தையும் அளந்து நெரிசலை அறியும் 'பி.பி.ஆர்.' முறையைக் கூகுள் நிறுவனத்தார் 2016இல் வெளியிட்டனர். அதை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர்.