கபோம்பா: மீன்தொட்டிச் செடியின் வரலாறு

கபோம்பா என்பது நன்னீரில் மூழ்கி வளரும் தண்டுச் செடியினம். நீருக்கடியில் இதன் இலைகள் இறகு போல நுணுக்கமாகப் பிரிந்து, விசிறி வடிவில் இணை இணையாக அமைந்திருக்கும். பிரெஞ்சு தாவரவியலாளர் ஓப்லே 1775இல் பிரெஞ்சு கயானா தாவரங்களைப் பற்றிய நூலில் இப்பேரினத்தை விவரித்தார். மீன்தொட்டிகளில் பெரிதும் வளர்க்கப்படும் கபோம்பா கரோலினியானா தென் அமெரிக்காவிலும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்கிலும் காணப்படுவது.

தொட்டியில் செடி வைக்கும் வழக்கத்துக்கு அழகு மட்டும் காரணமல்ல. 1850இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா செடியையும் ஒரே தொட்டியில் இட்டார். அழுகிய இலைகள் நீரைக் கலக்கியதும் நத்தைகளைச் சேர்த்தார், நீர் தெளிந்தது. செடி உயிர்வளி தரும், மீன் வாழும் என்ற எண்ணம் பரவியது. 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீனகம் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் கபோம்பாவும் 'உயிர்வளிச் செடி' என்ற பெயரிலேயே விற்பனையானது. இருளில் செடியும் உயிர்வளியை எடுத்துக்கொள்ளும் என்பதை விற்பவர்கள் அதிகம் சொல்வதில்லை.

வளர்ப்பதற்கு இது சற்று அடம்பிடிக்கும் செடி. ஒளி குறைந்தால் கணுக்கள் விலகித் தண்டு நீளும், அடியிலைகள் உதிரும். சுண்ணாம்பு மிகுந்த கடின நீர் இதற்கு ஒவ்வாது. ஆனால் பெருக்குவது மிக எளிது. நுனியைக் கிள்ளி நட்டால் போதும். ஓர் இணை இலையுள்ள துண்டே புதுச் செடியாகிவிடும். வணிகர்களுக்கு உதவிய இந்தக் குணமே ஏரிகளுக்கு வினையாயிற்று.

ஆஸ்திரேலியாவுக்கு மீன்தொட்டி வணிகத்தின் வழியே வந்த கபோம்பாவைச் சிலர் விற்பனைக்காக ஓடைகளிலேயே நட்டு வளர்த்தனர். படகுகளில் ஒட்டிய துண்டுகள் மேலும் பரப்பின. குயின்ஸ்லாந்தின் மெக்டொனால்டு ஏரி குடிநீர் தருவது. அங்கும் இது அடர்ந்தது. இவ்வாறு அடர்ந்த செடி மடிந்து அழுகும்போது நீரின் உயிர்வளி குறையும். உயிர்வளிச் செடி என்ற பெயருக்கு நேர்மாறான விளைவு! 1999இல் அந்நாடு இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த களைகளில் ஒன்றாக அறிவித்தது. 2004இல் டார்வின் ஆற்றிலும் கண்டறியப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் இதன் விற்பனையையும் வளர்ப்பையும் தடை செய்தது. தண்டைத் துளைத்துண்ணும் அர்ஜென்டினக் கூன்வண்டு ஒன்றைப் பல்லாண்டு ஆய்வுக்குப் பின் 2023இல் ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் குர்வோங்பா ஏரியில் விட்டனர்.

இதன் உறவான கபோம்பா ஃபுர்காட்டா கேரளத்தில் 'முள்ளன் பாயல்' எனப்படுகிறது. இதுவும் அயல்நாட்டுச் செடியே. 2020 நவம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா அருகே ஆவளபாண்டியில் கால்வாய் முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்தது. அதைக் காண மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர்.