டெங்குவும் உடலின் நினைவும்

கம்பத்திலிருந்து குமுளி மலையேறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோர் பலர். பாலக்காட்டுக் கணவாயிலோ, வாளையாறு வழியே இரயிலும் லாரியும் ஓய்வதில்லை. மனிதர் கடக்கும் எல்லையை அவர் இரத்தத்திலுள்ள நோயும் கடக்கும். 1997-ல் கோட்டயத்தில் தலைகாட்டிய டெங்கு பின்னர் கேரளமெங்கும் பரவியது. ரப்பர்ப்பால் வடிக்கக் கட்டிய சிரட்டையில் மழைநீர் தேங்கினால், ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல தொட்டில் வேண்டுமோ?

டெங்கு நான்கு வகைப்படும். ஒரு வகை வந்து போனால் அதே வகை பெரும்பாலும் திரும்பாது, மற்றொன்று வரலாம். இரண்டாம் உலகப் போரின்போது, கல்கத்தாவிலும் ஹவாய், நியூகினித் தீவுகளிலும் நோயுற்ற அமெரிக்கப் படைவீரரிடமிருந்து வைரஸைப் பிரித்தெடுத்த ஆல்பர்ட் சேபின் இதை மெய்ப்பித்தார். ஆனால் இரண்டாம் முறை வருவதே சில வேளை உயிருக்கு உலை வைப்பது ஏன்?

முதலில் பழி எதிர்ப்பொருள்கள் மீது விழுந்தது. பிறகு டி அணுக்கள் மீதும் விழுந்தது. மார்பெலும்புக்குப் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் முதிரும் வெள்ளணுக்கள் இவை. வைரஸ் புகுந்த அணுவை அடையாளம் கண்டு அழிப்பன. கண்ட பகையை நெடுநாள் நினைவில் வைப்பன. இலக்னோவில் யு. சி. சதுர்வேதி 1970-களிலிருந்தே எலிகளில் இவற்றை ஆராய்ந்தார். 2003-ல் மங்கோல்சபாயா, ஸ்கிரீட்டன் குழுவினர் தாய்லாந்துக் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தனர். இரண்டாம் வகை தாக்கியபோது விரைந்தெழுந்த டி அணுக்கள் பல, முன்வந்த வகைக்கே பழகியவை. புதியதை அரைகுறையாகவே பற்றின. பழைய பகைவனின் முகத்தையே தேடும் காவலன் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. கொழும்பில் இரத்ததானம் செய்தோரின் டி அணுக்களை ஆராய்ந்து வைஸ்கோப், செட்டே முதலியோர் 2013-ல் வெளியிட்ட முடிவு வேறு: வலுவாகவும் பலதிறப்படவும் எதிர்வினை புரியும் டி அணுக்கள், கடுநோயிலிருந்து காப்பதோடு தொடர்புடையவை. அவற்றுள் கொல்லும் வகையின் இலக்கோ பெரும்பாலும் வைரஸின் மேலுறையன்று. அது நம் அணுவுக்குள் பெருகும்போது உண்டாக்கும் புரதங்கள்.

இது வெறும் ஏட்டு விவாதமன்று. பிலிப்பைன்ஸில் 2016 முதல் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போடப்பட்ட தடுப்பூசியில் மேலுறை மட்டுமே டெங்குவினுடையது. உள்ளீடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பு வைரஸினுடையது. முன்பு டெங்கு காணாத பிள்ளைகளுக்குப் பின்னாளில் வரும் நோயை அது கடுமையாக்கக்கூடும் என்று 2017 நவம்பரில் அறிவிக்கப்பட்டதும் திட்டம் நின்றது. டி அணுக்கள் கற்க வேண்டிய பாடம் அதில் இல்லாமற்போனதும் ஒரு காரணம் என்பர் சிலர். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. நம் நாட்டில் சோதிக்கப்படும் நால்வகைத் தடுப்பூசியில் டெங்குவின் உட்புரதங்களும் இருக்கின்றன. அதன் மூன்றாம் கட்டச் சோதனையின் முதல் ஊசி 2024 ஆகஸ்டில் ரோத்தக்கில் போடப்பட்டது.